சிலேட்டில் அழித்த பெயர்

பிப்ரவரி 3

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. தேவ கிருபையால் நானும் உன் அண்ணியும் அம்மாவும் சுகமாய் இருக்கிறோம். உன் சுகத்துக்காக நாள்தோறும் ஜெபிக்கிறோம். உன் விலாசத்தை உன் பழைய சிநேகிதியிடம் வாங்கினேன். அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். போன வருஷம் என்னைச் சபையில் மூப்பராக்கினார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அங்கே என்ன வேலை என்று நீ சிரிப்பாய். சபையில் புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வகுப்பு எடுக்கிறேன். பதினோரு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒரு வேன் டிரைவர் முதல் நாளே கேட்டார்: "சார், கிருபை கிருபைன்னு எல்லாரும் சொல்றீங்க. என்னன்னு கேட்டா பாட்டுப் பாடுறீங்க. சும்மா பேசுற மாதிரி சொல்லுங்களேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. போதகரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப நீங்களே எழுதுங்க. பத்து வார்த்தை, சின்னப் புத்தகம், செப்டம்பருக்குள்ள" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்.

அந்த நாளில் நீ ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வாசலில் நிற்கிற பெரியவர்களுக்கும் புரியும். அதனால் எழுத எழுத உனக்கு அனுப்புகிறேன். குறை கண்டுபிடி. அந்த வேலையில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இத்துடன் இரண்டு சொல். கிருபை: தகுதி இல்லாதவனுக்குக் கேட்காமலே கிடைப்பது. விசுவாசம்: லிஃப்டின் கம்பி தாங்கும் என்று வெளியே நின்று சொல்வதல்ல, உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வது.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

நலம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்தான் வேலை. இப்போது மேற்பார்வை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என் கீழே ஒன்பது பேர், நான்கு இயந்திரம். நான்கில் ஒன்று எப்போதும் நோயாளி. சோடாவில் கைத்தோல் உரிகிறது, மற்றபடி உடம்பு நன்றாகவே இருக்கிறது.

உன் உறை வந்து மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். என் பெயரை உன் கையெழுத்தில் பார்ப்பது எனக்குக் கஷ்டம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

இனி குறை. கிருபை பற்றி எழுதியது சரிதான். ஆனால் தகுதி இல்லாமல் கிடைத்தது என்று தெரிந்தவனுக்கு, அதை வாங்கும்போது கொஞ்சமாவது கூச்சம் வரவேண்டாமா? அதை விட்டுவிட்டாய். லிஃப்ட் உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீ பழுது பார்த்த லிஃப்டில் நீயே ஏறமாட்டாய், ஆறு மாடியும் படியில்தான் இறங்குவாய். வகுப்பில் யாராவது பார்த்திருந்தால் மூப்பர் மானம் கப்பலேறிவிடும்.

அம்மா எப்படி இருக்கிறார்கள்? ஏழு வருஷமாய் நான் போன் செய்தால் எடுப்பதில்லை. என்னைப் பற்றி எப்போதாவது கேட்கிறார்களா? மறைக்காமல் எழுது.

தங்கை


மார்ச் 6

அன்பான தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. கர்த்தருடைய தயவால் எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் படியில் இறங்குவது அவளுக்கும் தெரியும். கூச்சம் பற்றிச் சொன்னதைச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஜூலை கடைசியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேதப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். என் வகுப்புக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள். பிள்ளை பாடம் எடுப்பதில் பெருமைதான்.

அடுத்த இரண்டு சொல். பாவம்: செய்கிற தப்பு மட்டுமல்ல, செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும். மனந்திரும்புதல்: வருத்தப்படுவது மட்டுமல்ல. போகிற வழி தப்பு என்று தெரிந்ததும் நின்று, திரும்பி, வந்த வழியே நடப்பது. போதகர் இதைப் படித்துவிட்டு, இவ்வளவு எளிதாய் இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

உன் அன்பு அண்ணன்


மார்ச் 12

அண்ணாவுக்கு,

சுகம். அம்மா என்னைக் கேட்கிறார்களா என்று கேட்டிருந்தேன். நீ தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறாய்.

மனந்திரும்புதலை அழகாக எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதனால் ஒன்றை எழுதுகிறேன். உனக்குத் தெரியாததல்ல. நாம் இரண்டு பேரும் இதுவரை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாதது.

அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு சமையலறைக் கதவில் ஒரு சிலேட்டு மாட்டினோம். எந்த நேரத்துக்கு யார் அப்பா பக்கத்தில் இருப்பது என்று அதில் எழுதவேண்டும். அவரவர் பெயரை அவரவர் கையால்தான் எழுதவேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் எழுதக்கூடாது. அது அப்பா போட்ட சட்டம். வாய் கோணியிருந்தாலும் அதில் மட்டும் கறாராக இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஆறு வரை என் பெயர். அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை. உன்னிடம் கேட்டேன். என் நேரத்தை நாலு மணியோடு நிறுத்தி எழுதினேன். நீ அதற்குக் கீழே, நாலிலிருந்து ஆறு, உன் பெயரை எழுதினாய். "போ, நான் பாத்துக்கிறேன்" என்றாய். செருப்பு மாட்டும்போது மறுபடி கேட்டேன். "போடி, பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல" என்றாய்.

திரும்பி வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ். அப்பா தானே எழுந்திருக்கப் பார்த்து, கட்டில் காலில் தலை மோதி விழுந்திருந்தார். எனக்கு முன்னே வந்துவிட்ட அம்மா, "எங்கடி போயிருந்த?" என்றார்கள். நான் சிலேட்டைப் பார்த்தேன். மூன்றிலிருந்து ஆறு வரை என் பெயர், உன் கையெழுத்தில். பலகை இன்னும் ஈரம் காயவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

நாளைக்குச் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் அப்பா போனார். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அம்மா, "இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றார்கள். அப்போதும் நீ பக்கத்தில்தான் நின்றாய்.

நான் ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தோன்றலாம். நான் சொன்னால் அது சாக்கு. நீ சொன்னால்தான் அம்மா நம்புவார்கள். அதற்குத்தான் காத்திருந்தேன், இன்னும் காத்திருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 30

அன்பான தங்கைக்கு,

சுகம். உன் சுகத்தை அறிய ஆவல். ஒரு புதுக் கட்டடத்தில் ஆறு லிஃப்ட் போடுகிறோம், மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் தாமதம். உன் கடிதம் கிடைத்தது.

புத்தகம் பாதி முடிந்துவிட்டது. இத்துடன் மன்னிப்பு என்ற சொல்லையும் பத்துச் சொல்லின் பட்டியலையும் வைத்திருக்கிறேன். படித்துப் பார். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

அண்ணன்


மே 9

அண்ணாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று எண்ணோடு எழுது. "கொஞ்சம்" என்றால் எனக்குப் புரியாது.

என் வேலை எப்படி நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு துணிமூட்டையிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கவேண்டும். இரத்தமா, மருந்தா, எண்ணெயா என்று நர்ஸ் அதில் எழுதவேண்டும். இரத்தம் என்றால் முதலில் பச்சைத் தண்ணீர். தெரியாமல் வெந்நீரில் போட்டால் கறை நூலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் துணி கிழிகிறவரை தேய்த்தாலும் போகாது. நேற்று ஒரு மூட்டையின் சீட்டில் 'எல்லாம்' என்று எழுதி வந்தது. திருப்பி அனுப்பினேன். அந்த நர்ஸ் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். "இதென்ன பெரிய பரீட்சையா? எப்படியும் தொவைக்கத்தானே போறீங்க" என்றாள்.

உன் 'மன்னிப்பு' பக்கத்தையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். 'எல்லாக் குறைகளையும் தேவன் மன்னிக்கிறார்' என்று எழுதியிருக்கிறாய். எந்தக் குறை, யாருக்குச் செய்தது, எந்த ஞாயிறு, எத்தனை மணி என்று ஒன்றையும் காணோம். உன் பத்துச் சொல்லில், செய்த தப்பை வாய்விட்டு ஒத்துக்கொள்ளும் பாவ அறிக்கை என்கிற சொல்லே இல்லை. மறந்துவிட்டாயா?

மன்னிப்பு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அப்பா அடக்கம் முடிந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என்னை நடுவில் முட்டிபோட வைத்தார்கள். போதகரின் மனைவி என் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, இந்த மகளோட அலட்சியத்தை மன்னியும்" என்று அழுது ஜெபித்தார். அம்மாவும் அங்கே இருந்தார்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். உன்னுடையதுக்கு நான் ஆமென் சொன்னேன், அண்ணா. அன்றைக்குப் பிறகு நான் எந்தச் சபைக்குள்ளும் கால் வைக்கவில்லை.

தங்கை


ஜூன் 4

தங்கைக்கு,

ஸ்தோத்திரம் என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு 160/95. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

நீ எழுதியது எல்லாம் உண்மை. அன்று அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உன் அண்ணி போன் செய்தாள். அப்போது கல்யாணத்துக்கு மூன்று வாரம். அப்பா காதில் விழவேண்டாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். ஐந்து நிமிஷம் என்றுதான் போனேன், நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. கீழே வந்தபோது அப்பா தரையில் கிடந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அது வருகிற வரை என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறைக்குள் போனேன். சிலேட்டில் என் பெயர் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். எப்படி என் கை அதைச் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். துடைத்தது வேண்டுமானால் யோசிக்காமல் செய்ததாக இருக்கலாம். உன் பெயரை எழுதியது யோசித்துத்தான்.

உன் அண்ணிக்கும் தெரியாது. தெரிந்தால் அந்தப் போனை நினைத்து அவள் காலமெல்லாம் நொந்துகொண்டிருப்பாள்.

பாவ அறிக்கையை நான் மறக்கவில்லை. பட்டியலில் முதலில் அதுதான் இருந்தது, நான்தான் அடித்தேன். உனக்கு ஏன் புத்தகத்தை அனுப்ப ஆரம்பித்தேன் என்று இப்போது புரிகிறது. யாராவது என்னைப் பிடித்துவிடவேண்டும் என்று இருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடியட்டும். இரத்த அழுத்தம் ஏறினால் கண்ணுக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். ஆகஸ்டில் கட்டாயம் சொல்கிறேன்.

அண்ணன்


ஜூன் 10

அண்ணாவுக்கு,

சுகம். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தாய். அப்புறம் அப்பாவின் முதல் வருஷ நினைவு ஆராதனை முடியட்டும் என்று இருந்திருப்பாய். இப்போது கண் ஆபரேஷன்.

இனி எனக்குச் சொல் எதையும் அனுப்பாதே. அம்மாவின் இரத்த அழுத்தத்தை மட்டும் வாரம் ஒருமுறை கார்டில் எழுதிப் போடு.

தங்கை


ஜூலை 8

மகளே,

அம்மா எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாய் இருக்கும். கண் தெரியவில்லை, கோடு போட்ட தாளில் விரலை வைத்து வைத்து எழுதுகிறேன். நீ சுகமா? கைத்தோல் உரிகிறது என்று எழுதியிருந்தாயாம். தேங்காய் எண்ணெய் தடவு. இதைக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

போன ஞாயிறு பெரியவன் வகுப்பில் மனந்திரும்புதல் பாடம். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். நிற்கணும், திரும்பணும், வந்த வழியே நடக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வேன் டிரைவர் எழுந்து, "சார், ஒரு சந்தேகம். திரும்பி நடக்கிறதுன்னா எங்கே போறது? சாமிகிட்டயா, இல்ல யாருக்குத் தப்புப் பண்ணமோ அவங்ககிட்டயா?" என்று கேட்டார். இவன் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தான். பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து என்னிடம் வந்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வருகிறான் என்றுதான் நினைத்தேன். என் காலடியில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்க, "அம்மா, அந்த நாலு மணி என்னோடது. தங்கச்சி பேரை சிலேட்டுல நான்தான் எழுதினேன்" என்றான். உன் அண்ணி அங்கேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து சிலேட்டை இறக்கச் சொன்னேன். அப்பா போன அன்று நான்தான் பழைய துண்டில் சுற்றி மேலே வைத்தேன். பாதி அழிந்திருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து இல்லை அது. இந்தக் குருட்டுக் கண்ணுக்கே தெரிகிறது. அன்று நல்ல கண் இருந்தபோது ஒருதரம் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. யார் மேலாவது பழி போட்டால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருந்தது, நீ எதிரில் நின்றாய்.

ஏழு வருஷம் ஜெபத்தில் உன்னை மன்னித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னி. என்னத்துக்கென்று தனித்தனியாய்ச் சொல்கிறேன். உன்னிடம் என்ன நடந்தது என்று கேட்காததற்கு, அந்த ஜெபத்தில் நானும் ஆமென் சொன்னதற்கு, நீ போன் செய்தபோதெல்லாம் மணி நிற்கிற வரை உட்கார்ந்து கேட்டதற்கு.

அவனோடு நான் பேசுவதில்லை. மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டான், புத்தகத்தையும் நிறுத்திவிட்டான். ஆபரேஷனுக்கு முன்னால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு உன் அப்பா விழுந்து கிடந்ததுதான் தெரிகிறது.

இருபத்தைந்தாம் தேதி ஆபரேஷன். மறுநாள் காலை கட்டு அவிழ்ப்பார்கள். என் முகத்தில் முழிக்காதே என்று சொன்ன பாவி நான். கட்டு அவிழ்க்கும்போது உன் முகத்தில்தான் முழிக்கணும். வருவாயா?

அம்மா


ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். எண்ணெய் தடவுகிறேன். உங்கள் கடிதத்தை சோப்பு வைக்கும் அறைக்குள் கொண்டுபோய் நின்றபடியே மூன்று தரம் படித்தேன். வெளியே வந்ததும் என் ஆட்கள் கண்ணில் சோடா பட்டுவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

எனக்கு உங்கள் மேலும் கோபம் இருக்கிறது, அம்மா. அது இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை. எல்லாக் கோபத்தையும் அண்ணன் மேலேயே போட்டு வைத்திருந்தேன். நேரில் வந்து கொஞ்சம் சண்டை போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை மன்னிக்கிறேன். மணி நிற்கிற வரை உட்கார்ந்து கேட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எழுந்து போகாமல் இருந்தீர்களே, அதுவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

கட்டாயம் வருகிறேன். ஆனால் அண்ணனை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். அனுப்பினால் நான் வரமாட்டேன். அவன் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, அவ்வளவு நல்லவள் இல்லை நான். வீட்டில் இடமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தை நான் காலி செய்கிறேன், அதில் இன்னொருவரைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். பேச வரவில்லை என்றால் பேசவேண்டாம். சாப்பாட்டு மேசையில் மட்டும் உட்காரச் சொல்லுங்கள்.

இருபத்து நான்காம் தேதி மாலை வந்துவிடுவேன்.

உங்கள் மகள்


ஜூலை 14

அண்ணா,

அம்மாவின் கடிதத்தோடு இதையும் ஒரே உறையில் வைக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். இன்னும் வரவில்லை. வரும் என்று நினைக்கிறேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நடந்தாயே, அதை நினைக்கும்போது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவில் எத்தனை அடி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

புத்தகத்தை நிறுத்தாதே. அந்த டிரைவர் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார், கிருபைக்கு அவருக்கு இன்னும் பாதி பதில்தான் கிடைத்திருக்கிறது. அடித்த சொல்லைத் திரும்ப முதலில் எழுது. மன்னிப்பு பக்கத்தை மட்டும் நான் சொல்கிற வரை வெறுமனே வை. அண்ணியிடம் சொல், அவள் போன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு மணிக்கொருதரம் சொட்டு மருந்து போடவேண்டும், குனிய விடக்கூடாது, தனியாக எழுந்திருக்க விடக்கூடாது. எங்கள் கண் வார்டில் கேட்டுவிட்டேன். நீ, நான், அண்ணி மூன்று பேரும் முறை வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிலேட்டைக் கழுவிச் சமையலறைக் கதவில் மாட்டு. அவரவர் பெயரை அவரவரே எழுதவேண்டும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து நாலு வரை என் பெயரை நான் எழுதுகிறேன். நாலிலிருந்து ஆறு வரை நீ எழுது. எனக்கு வெளியே எங்கும் வேலை இல்லை. ஆனாலும் நாலு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன், ஆறு மணிக்குத்தான் வருவேன்.

நீ பார்த்துக்கொள்.

தங்கை